பழைய பவர் டில்லர்: புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு

மே மாதம் பிறந்தால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பாபநாசம் பக்கத்துப் பட்டறைகளில் பழைய பவர் டில்லர்கள் வந்து சேர ஆரம்பிக்கும். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் என்பது குறுவைக்காரர்களின் கணக்கு. அது முன்னே பின்னே போவதும் உண்டு. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலைக் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எப்போது திறந்தாலும், வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டும். அன்றைக்கு உங்கள் டில்லர் கிளம்பவில்லை என்றால், பட்டறையில் உங்களுக்கு முன்னால் நாலைந்து பேர் நிற்பார்கள்.

அப்படி வரும் வண்டிகளில் பலவற்றுக்குப் பெரிய கோளாறு எதுவும் இருக்காது. டீசலில் ஏர் பிடித்திருக்கும், பில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் பெல்ட் தளர்ந்திருக்கும். வீட்டிலேயே அரை மணி நேரத்தில் பார்த்துவிடக்கூடிய வேலைகள் இவை. பெரிய கோளாறோடு வரும் வண்டிகளை விசாரித்தால், காரணம் பெரும்பாலும் தூசியாகவோ சேற்றுத் தண்ணீராகவோ இருக்கும். இருபது வருட வண்டி நன்றாக ஓடுகிறது, ஐந்து வருட வண்டி புகை கக்குகிறது என்றால் வித்தியாசம் அங்கேதான். இந்த இரண்டும் எந்தெந்த வழியாக உள்ளே போகின்றன என்று தெரிந்துகொண்டால் பராமரிப்பில் முக்கால்வாசி கைக்கு வந்துவிடும்.

இன்ஜின் எப்படி ஓடுகிறது

டெல்டாவில் பழைய டில்லர் என்றால் பெரும்பாலும் இரண்டு குடும்பம். ஒன்று மிட்சுபிஷி தொழில்நுட்பத்தில் வந்த வி.எஸ்.டி. சக்தி, இன்னொன்று குபோட்டா தொழில்நுட்பத்தில் கேரளத்தில் தயாராகும் கேம்கோ. இரண்டிலும் 12, 13 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின் படுக்கை வாட்டத்தில் இருக்கும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அமுக்கும். அமுக்கிய காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்த நேரத்தில் நாசில் வழியாக டீசல் பனிபோல் தெளிக்கப்படும், தானே பற்றிக்கொள்ளும். அவ்வளவுதான் ரகசியம். பேட்டரி இல்லாமல் ஹேண்டில் போட்டுச் சுற்றியே இதைக் கிளப்ப முடிவது இதனால்தான்.

அதனால் வண்டி கிளம்பவில்லை என்றால் மூன்று கேள்விகள் போதும். காற்று வருகிறதா? அமுக்கம், அதாவது கம்ப்ரஷன் இருக்கிறதா? டீசல் நாசில் வரைக்கும் போகிறதா? கம்ப்ரஷனைக் கையாலேயே அறியலாம். அமுக்கத்தை விடுவித்துச் சுற்றுவதை லேசாக்கும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடிக்காமல் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் கெட்டியாக எதிர்த்து நிற்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் வால்வு, ரிங், ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றில் ஏதோ போயிருக்கிறது. அது பட்டறை வேலை.

ஹேண்டில் பிடிக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கத்தில் வையுங்கள். இன்ஜின் சில சமயம் திருப்பி உதைக்கும். கட்டைவிரல் எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தால் மணிக்கட்டு போய்விடும்.

தூசி போகும் வழி

சேற்றில் ஓடும் வண்டிக்குத் தூசி எங்கிருந்து வருகிறது என்று தோன்றும். கோடை உழவில் வருகிறது. கடைமடையில் நேரடி விதைப்புக்குப் புழுதி உழவு ஓட்டும்போது வருகிறது. ஏப்ரல், மே மாதத்தில் காய்ந்த களிமண்ணை ரோட்டவேட்டர், அதாவது பின்னால் சுழலும் உழவுக் கத்திகள், பொடியாக்கிக் கிளப்பும் புழுதியில், வண்டிக்குப் பின்னால் நடப்பவரின் முகமே தெரியாது. இன்ஜின் அந்தக் காற்றைத்தான் இழுக்கிறது. பில்டரைத் தாண்டி உள்ளே போகும் மண், லைனர் என்ற சிலிண்டர் உட்சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் தேய்த்துவிடும்.

பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஆயில் பாத் வகை ஏர் கிளீனர் இருக்கும். அடியில் ஒரு கிண்ணம், அதில் கோடு வரைக்கும் ஆயில். உள்ளே வரும் காற்று அந்த ஆயிலின் மேல் மோதித் திரும்பும்போது தூசி ஆயிலில் சிக்கிக்கொள்ளும். மேலே இருக்கும் கம்பி வலை மிச்சத்தைப் பிடிக்கும். புழுதி உழவு ஓட்டும் நாட்களில் தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் விரலை விட்டால் சேறுபோல் கெட்டியாக ஒட்டினால் ஆயிலைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தையும் வலையையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவிக் காயவைத்துப் புது ஆயில் ஊற்ற வேண்டும். பெட்ரோல் வேண்டாம். சேற்றுழவு நாட்களில் வாரம் ஒரு முறை பார்த்தால் போதும்.

ஆயிலைக் கோட்டுக்கு மேலே ஊற்றக் கூடாது. அதிகமாக இருந்தால் இன்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரிக்க ஆரம்பிக்கும். அப்போது டீசலை நிறுத்தினாலும் வண்டி நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்படி நடந்தால் காற்று போகும் வாயைப் பலகைத் துண்டு வைத்து அடைக்க வேண்டும். கையையோ துணியையோ வைக்காதீர்கள், உள்ளே இழுத்துவிடும்.

கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயைப் பலர் கவனிப்பதே இல்லை. வெயிலிலும் சூட்டிலும் அது வெடித்திருக்கும், கிளிப் தளர்ந்திருக்கும். கிளீனர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் காற்று அந்த வெடிப்பு வழியாகத் தூசியோடு நேராக உள்ளே போகும். குழாயைக் கழற்றி உட்பக்கம் விரலால் துடைத்துப் பாருங்கள். நறநறவென்று மண் தட்டுப்பட்டால் குழாயை மாற்றுங்கள். அப்புறம், 'பிக்கப் வரும்' என்று ஏர் கிளீனரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. இரவல் வண்டியாக இருந்தால்கூட அதைச் செய்யாதீர்கள்.

டீசலும் ஏரும்

டீசலைப் பிளாஸ்டிக் கேனில் வாங்கி மாட்டுக் கொட்டகை மூலையில் வைத்திருப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி சரியாக இல்லாத கேனில் தண்ணீர் இறங்கும். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் ஈரம் வேர்த்துச் சொட்டும். தண்ணீர் டீசலை விட கனமானது, அடியில் தங்கும். டீசலை நாசிலுக்குத் தள்ளும் பம்புக்கும் நாசிலுக்கும் அது விஷம். வேலை முடிந்த சாயங்காலம் டேங்கை நிரப்பி வைப்பது, கேனின் கடைசி நான்கு விரல் டீசலை ஊற்றாமல் ஒதுக்குவது, ஊற்றும்போது மெல்லிய துணி வைத்த புனலைப் பயன்படுத்துவது எல்லாம் செலவில்லாத வேலைகள்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டீசல் தீர்ந்து நின்றுவிட்டது என்று வையுங்கள். டீசல் ஊற்றியும் கிளம்பாது. குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். நாசில் திறக்கச் சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் அழுத்தம் வேண்டும். டீசலை அமுக்க முடியாது என்பதால் பம்ப் தள்ளும் விசை அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். காற்றோ அமுங்கிக்கொடுக்கும். பம்ப் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அந்தக் காற்று சுருங்கி விரியுமே தவிர நாசில் திறக்காது. இதைத்தான் 'ஏர் பிடித்துவிட்டது' என்கிறோம்.

ஏர் எடுப்பதற்கு ஒரு ஸ்பேனர் செட் போதும். முதலில் டேங்கை நிரப்புங்கள், டேங்க் குழாயைத் திறங்கள். டீசல் பில்டரின் மேலே ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை ஒன்றரைச் சுற்று தளர்த்தினால் டீசல் நுரையும் குமிழியுமாக வரும். பொறுமையாக இருங்கள். குமிழி நின்று டீசல் கண்ணாடியாக ஒழுக ஆரம்பித்ததும், ஒழுகும்போதே இறுக்கிவிடுங்கள். அடுத்து பம்பில் இருக்கும் திருகுக்கும் இதே வேலை. பழைய வண்டிகளில் டீசல் மேலேயிருந்து தானாக இறங்குவதால் இந்த இரண்டு இடத்திலும் எதையும் சுற்ற வேண்டியதில்லை. கடைசியாக, நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்துங்கள். ஆக்சிலேட்டரை ஓட்டும் நிலையில் வைத்து, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றுங்கள். நட்டின் இடுக்கில் முதலில் நுரை வரும், அப்புறம் விட்டுவிட்டுச் சுத்தமான டீசல் துள்ளும். இறுக்குங்கள். மறுபடி சுற்றினால் நாசில் பக்கம் 'கிர்ர், கிர்ர்' என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் ஏர் போய்விட்டது. லீவரை விட்டுக் கிளப்பலாம்.

நாசிலைக் கழற்றி வெளியே வைத்துச் சோதிக்கும்போது அதன் முன்னால் கை வைக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்கச் சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம்.

ஒவ்வொரு நாளும் ஏர் பிடிக்கிறது என்றால் எடுத்துக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. எங்கோ காற்று கசிகிறது. பெரும்பாலும் குழாய் இணைப்புகளில் இருக்கும் செம்பு வாஷர்தான் காரணம். சில ரூபாய் சாமான்.

ஆயில்

டில்லரில் இரண்டு இடத்தில் ஆயில் உண்டு, இன்ஜினிலும் கியர் பெட்டியிலும். இரண்டும் வேறு வேறு ஆயில். இன்ஜினுக்குப் பொதுவாக 20டபிள்யூ-40 போன்ற டீசல் இன்ஜின் ஆயில், கியர் பெட்டிக்கு 90 நம்பர் கியர் ஆயில். உங்கள் வண்டிக்கான அளவையும் வகையையும் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் ஆயிலைத் தினமும் காலையில், கிளப்புவதற்கு முன்னால், வண்டியைச் சமமாக நிறுத்திப் பார்க்க வேண்டும். மூக்கு தாழ்ந்து நிற்கும் வண்டியில் ஆயில் அளவு காட்டும் கேஜ் பொய் சொல்லும். ஆயில் கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், டீசல் இன்ஜினில் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால்தான் பயப்பட வேண்டும், தண்ணீர் கலந்திருக்கிறது. நீங்கள் ஊற்றாமலேயே ஆயில் மட்டம் ஏறியிருந்தாலும் ஆபத்துதான். தண்ணீரோ டீசலோ உள்ளே இறங்குகிறது. இரண்டு நிலைமையிலும் வண்டியைக் கிளப்பாதீர்கள்.

பொதுவாக 100 மணி நேரத்துக்கு ஒரு முறை இன்ஜின் ஆயில் மாற்றச் சொல்வார்கள். பழைய டில்லரில் மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இருக்காது. நாளுக்கு எட்டு மணி நேரம் வாடகைக்கு ஓடும் வண்டி பன்னிரண்டு, பதின்மூன்று நாளில் 100 மணியைத் தொட்டுவிடும். குறுவைச் சேற்றுழவில் மாதம் முழுக்க ஓடுகிற வண்டிக்கு இரண்டு முறை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். 'வருடத்துக்கு ஒரு தடவை' என்ற கணக்கு மோட்டார் சைக்கிளை எப்போதாவது எடுப்பவருக்குச் சரி, இதற்குச் சரிப்படாது. ஒரு பாக்கெட் நோட்டில் யார் வயல், எத்தனை மா என்று எப்படியும் எழுதுவீர்கள். பக்கத்திலேயே மணியையும் எழுதுங்கள்.

கியர் பெட்டி விஷயம் டெல்டாவுக்கே உரியது. கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றில் இறங்கினால் அச்சு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும். அச்சு வெளியே வரும் இடத்தில் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம்தான் சேற்றைத் தடுக்கிறது. அறுப்பு முடிந்த வயலில் வைக்கோலும் அரிதாளும், உரமூட்டை தைத்த நைலான் நூலும் அச்சிலும் ரோட்டவேட்டர் தண்டிலும் சுற்றிக்கொள்ளும். சுற்றிச் சுற்றி இறுகி, சீலின் உதட்டையே அறுத்துவிடும். அப்புறம் ஆயில் வெளியே வரும், சேறு உள்ளே போகும், பேரிங் போகும்.

எனவே சாயங்காலம் வண்டியைக் கழுவும்போது, இன்ஜினை நிறுத்திய பிறகு, கருக்கரிவாளால் அந்தச் சுற்றலை அறுத்து எடுங்கள். சேற்றுழவு நாட்களில் இன்னொரு பழக்கமும் நல்லது. இரவு முழுக்க வண்டி அசையாமல் நின்ற பிறகு, காலையில் கியர் பெட்டியின் அடித் திருகை மெல்லத் தளர்த்துங்கள். உள்ளே தண்ணீர் போயிருந்தால் ஆயிலுக்கு முன்னால் அதுதான் சொட்டும். ஆயில் வந்தால் உடனே இறுக்கிவிடலாம். தண்ணீர் வந்தால் சீல் போய்விட்டது, இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

சூடு, பெல்ட்

ரேடியேட்டருக்கு வாய்க்கால் தண்ணீரைத் தெளியவைத்து ஊற்றலாம், மழைத் தண்ணீர் இன்னும் நல்லது. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் உப்பேறிய போர் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்பும் சுண்ணாம்பும் படிந்து சூடு போகாது. வெளியே தகடுகளுக்கு நடுவில் தவிடும் சருகும் அடைத்திருந்தாலும் அதே கதை. சூடேறிய வண்டியில் மூடியைத் திறப்பதும், குளிர்ந்த தண்ணீரை இன்ஜின் மேல் ஊற்றுவதும் கூடாது. தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விட்டுவிடும்.

இன்ஜினிலிருந்து கியர் பெட்டிக்கு விசை வி-பெல்ட்டுகள் வழியாகப் போகிறது. நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். அதிகம் அமுங்கினால் வழுக்கும், கருகிய வாடை வரும். இறுக்கமாக இருந்தால் பேரிங் தேயும். ஒரு பெல்ட் அறுந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். புதியதும் பழையதும் கலந்தால் புதியது மட்டும் சுமை தாங்கிச் சீக்கிரம் அறுந்துபோகும்.

இறக்கத்தில் தலைகீழாகும் ஸ்டீரிங்

டில்லரைத் திருப்ப இரண்டு கைப்பிடியிலும் ஒவ்வொரு ஸ்டீரிங் கிளட்ச் இருக்கும். வலது கிளட்சைப் பிடித்தால் வலது சக்கரத்துக்குப் போகும் விசை துண்டிக்கப்படும். இடது சக்கரம் மட்டும் தள்ளும், வண்டி வலப்பக்கம் திரும்பும். வயலில் இது சரி. ஆனால் ஆற்றுக்கரையிலிருந்தோ தார் ரோட்டிலிருந்தோ வயலுக்கு இறங்கும் சரிவில் வண்டி தன் எடையாலேயே உருளும். அப்போது இன்ஜின்தான் கியர் வழியாகச் சக்கரங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. வலது கிளட்சைப் பிடித்தால் வலது சக்கரம் அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும். வண்டி இடப்பக்கம் பாயும். புதிதாக ஓட்டுகிறவர்கள் வாய்க்காலில் இறங்குவது இப்படித்தான்.

இறக்கத்தில் முதல் கியர், குறைந்த வேகம், கிளட்சைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளியே திருப்ப வேண்டும். நியூட்ரலில் ஒருபோதும் இறக்காதீர்கள். அதேபோல ரிவர்ஸ் எடுக்கும்போது ரோட்டவேட்டர் நின்றிருக்க வேண்டும். பின்னால் நிற்பது உங்கள் கால்தான். பழைய வண்டிகளில் கிளட்ச் ஒயர் தொய்ந்தோ துருப்பிடித்தோ இருக்கும். உழவு தொடங்கும் முன் ஒயருக்குள் ஆயில் சொட்டுவிட்டு, கைப்பிடியை விட்டதும் கிளட்ச் உடனே திரும்புகிறதா என்று பாருங்கள்.

நிறுத்தி வைக்கும் மாதங்களும் வெள்ளமும்

தாளடி முடிந்து மாசி, பங்குனியில் நிறுத்தினால் அடுத்த தண்ணீர் வரும் வரை பல வண்டிகள் அசையாது. நிறுத்துவதற்கு முன்னாலேயே ஆயிலை மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் இருக்கும் அமிலமும் ஈரமும் மூன்று மாதம் உள்ளேயே இருந்து அரிக்கும். ரேடியேட்டர் தண்ணீரை வடியுங்கள், டீசல் டேங்கை நிரப்புங்கள். ஹேண்டிலைச் சுற்றி, கம்ப்ரஷன் எதிர்த்து நிற்கும் இடத்தில் அப்படியே விடுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. சைலன்சர் வாயில் ஒரு டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். குளவி மண்கூடு கட்ட அந்தச் சைலன்சர் வாயைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது. கடலோர ஊர்க்காரர்கள் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, கிரீஸ் வைத்த பிறகே நிறுத்த வேண்டும். கழுவும்போது பீய்ச்சும் தண்ணீரை ஆயில் சீல் மேலும் ஏர் கிளீனர் மேலும் நேராகப் பிடிக்காதீர்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வண்டி தண்ணீரில் மூழ்கிவிட்டால், கிளம்புகிறதா என்று ஒரு முறைகூட ஹேண்டில் அடித்துப் பார்க்காதீர்கள். தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஏர் கிளீனரையும் நாசிலையும் கழற்றி, டீசல், இன்ஜின் ஆயில், கியர் ஆயில் மூன்றையும் வடித்த பிறகு ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினால் தண்ணீர் நாசில் துளை வழியாகப் பீச்சிக்கொண்டு வெளியேறும். பின் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, எல்லாவற்றையும் புதிதாக ஊற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு மறுபடியும் ஆயிலை மாற்ற வேண்டும். இரண்டு முறை ஆயில் வாங்குவது வலிக்கும்தான். புது கிராங்க் செட் இன்னும் வலிக்கும்.

நாசில் அழுத்தம், பம்ப் டைமிங், லைனர் வேலை மூன்றையும் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். அவற்றுக்கு உரிய கருவிகள் வேண்டும். போகும்போது புகை நிறத்தைச் சொல்லுங்கள். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம், நீலம் என்றால் ஆயில் எரிகிறது, சூடான பிறகும் வெள்ளை என்றால் டீசல் எரியவில்லை அல்லது தண்ணீர் கலக்கிறது. சாமான் வாங்கப் போனால் பழைய பாகத்தைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் சீலில் அச்சிட்டிருக்கும் மூன்று எண்கள் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். வி-பெல்ட்டில் இருக்கும் எழுத்து அதன் குறுக்களவு, பக்கத்து எண் அங்குலத்தில் நீளம். இந்த எண்கள் அழிவதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், கடைக்காரர் 'இதே மாதிரிதான்' என்று வேறெதையாவது தரும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.